குற்றாலிங்கம் இல்லாத குரூப் போட்டோ

குற்றாலிங்கத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே எனக்கு முதலில் கோபம்தான் வரும். நல்ல மனுஷன்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வாயைத் திறக்க வேண்டிய இடத்தில் திறக்கமாட்டான். தோளில் கறுப்புத் துணி, கையில் மருந்து நெடி, வாயில் கொழுக்கட்டை. இப்படிப்பட்ட ஒருத்தனுக்குப் பக்கத்தில் குற்றாலம் பேரருவிக்கரையில் வருஷக்கணக்காக நின்று போட்டோ பிடித்தவன் நான். என் பேர் தாணு. என் வாய்க்கு ஊரில் வேறு பேர் உண்டு, அது இங்கே வேண்டாம்.

அவனுக்குச் சொந்த ஊர் இலத்தூர். இளவயதில் திருநெல்வேலியில் ஒரு ஸ்டுடியோவில் எடுபிடியாக இருந்தான். அந்த முதலாளி கடையை மூடியபோது பழைய ஸ்டாண்டு கேமரா ஒன்றை இவன் தலையில் கட்டிவிட்டார். தேக்குமரப் பெட்டி, பித்தளை மூலை, இழுத்தால் ஆர்மோனியத் துருத்தி மாதிரி நீளும். அதைச் சுமந்துகொண்டு குற்றாலத்துக்கு வந்தவன் சீசனுக்குச் சீசன் பேரருவிக்கு எதிரே ஒரே இடத்தில் நின்றான். அங்கிருந்து கொஞ்சம் முன்னே போனால் சாரல் லென்ஸில் படியும், கொஞ்சம் தள்ளினால் அருவி பாதி அறுந்துபோகும். பெண்டாட்டி செண்பகவல்லி பக்கத்தில் குடை பிடித்து நிற்பாள். குடை கேமராவுக்கு. புருஷன் நனைந்தால் துவட்டிக்கொள்ளலாம், கேமரா நனைந்தால் சோறு கிடையாது.

அந்தக் கேமராவை வேறொருவன் தொட்டுவிட்டால் மட்டும் ஊமைச்சாமிக்கு எங்கிருந்தோ வாய் வந்துவிடும். "கையை எடுலே!" என்று ஒரு சத்தம். என்னையே அப்படி அதட்டியிருக்கிறான்.

ஐம்பத்திரண்டில் தென்காசி வட்டாரத்துப் போட்டோக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தோம். ஊருக்குள் ஸ்டுடியோ வைத்திருப்பவர்கள் பாதி, அருவிக்கரையில் நிற்கிற எங்களைப் போன்றவர்கள் பாதி. தலைவர், தென்காசி ரதவீதியில் பெரிய ஸ்டுடியோ வைத்திருந்த சுந்தரபாண்டியன் அண்ணாச்சி. கதர் ஜிப்பா, தங்கக்கரை மூக்குக்கண்ணாடி, எதையும் சட்டப்படி பேசுகிற நாக்கு. முதல் வருஷம் மெம்பர் பேரையெல்லாம் ஒரு நோட்டில் எழுதினோம். குற்றாலத்தில் கூட்டம் போட்ட அன்றைக்குச் சாரலில் நோட்டு ஊறி, மை ஓடி, ஒரு பேரும் தெரியாமல் போய்விட்டது. நான் இருந்தேன், நீ இல்லை என்று ஒரே ரகளை. அப்போதுதான் குற்றாலிங்கம் அதிசயமாக எழுந்து நின்றான்.

"நாம போட்டோக்காரங்கதானே? வருசாவருசம் ஒரு குரூப் எடுப்போம். படத்துல இருக்கவன் மெம்பர். சாரல்ல மை ஓடுன கதையெல்லாம் அதுல கெடையாதுல்லா?"

எல்லோரும் கைதட்டினோம். அதையே சங்கச் சட்டமாகவும் எழுதிக்கொண்டோம். அத்தனை பேருடைய முகமும் அடையாளம் தெரிகிற மாதிரி எடுக்க அவனுடைய பெரிய கேமராதான் வேண்டும். அதையோ வேறு ஒருவன் தொடக்கூடாது. ஆகவே சித்திரைக்குச் சித்திரை நாங்கள் வரிசையாக உட்கார்ந்தும் நின்றும் விறைத்துக்கொண்டிருப்போம். அவன் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்து, வெளியே வந்து, "எல்லாரும் இங்கன பாருங்க, கண்ணைச் சிமிட்டப்பிடாது" என்று சொல்லி, லென்ஸ் மூடியைக் கழற்றி மாட்டுவான். யோசனை சொன்னவன் எந்தப் படத்திலும் இல்லை. எங்களில் ஒரு பயலுக்கும் அது உறைக்கவில்லை. அவனுக்கே உறைக்கவில்லை என்றால் யாரைப் போய் நோக?

அறுபத்திரண்டில்தான் வினை வந்தது. அருவிக்கரையில் நிற்பவர்கள் கூட்டம் பெருகிவிட்டது. ஸ்டுடியோக்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை. அந்தச் சித்திரைத் தேர்தலில் தலைவராக அண்ணாச்சியே வந்தார். செயலாளர் பதவிக்கு நாங்கள் குற்றாலிங்கத்தை நிறுத்தினோம். வேண்டாம் வேண்டாம் என்றான். நான்தான் பிடரியில் கைவைத்துத் தள்ளினேன். ஜெயித்தும் விட்டான். நாங்கள் துண்டைத் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தபோது அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"செயலாளரா வரணும்னா மெம்பரா இருக்கணும். மெம்பர்னா படத்துல இருக்கணும். சொவத்துல ஒம்போது வருசத்துப் படம் தொங்குது. குற்றாலிங்கம் எதுல இருக்கான்னு காட்டுங்க, நானே மாலை போடுதேன்."

எல்லோரும் சுவரைப் பார்த்தோம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

"படத்தை எடுத்ததே அவன்தானே அண்ணாச்சி! என்ன நாயம் இது?"

"சட்டத்துல எடுத்தவன்னு இல்ல தாணு. இருக்கவன்னுதான் இருக்கு. அதைச் சொன்னதும் அவன்தான்."

குற்றாலிங்கம் எழுந்தான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான். சங்க முத்திரையை அண்ணாச்சி வீட்டுக்குக் கொண்டுபோனார். நாங்கள் சும்மா இருப்போமா? நாங்களும் ஒரு முத்திரை செய்தோம். ஒரு சங்கம், இரண்டு முத்திரை, ஊர் சிரித்தது.

சிரிக்காத இடம் ஒன்று இருந்தது. அருவிக்கரையில் கேமராவோடு நிற்க, அருவியைப் பார்த்துக்கொள்கிற சர்க்கார் ஆபீஸில் பாஸ் வாங்க வேண்டும். சங்கம் கேட்டால்தான் பாஸ். அந்த வருஷம் இரண்டு தரப்பும் தனித்தனியாகப் போய்க் கேட்டோம். அங்கே இருந்த அதிகாரி பொறுமையாகத்தான் சொன்னார்.

"தலைவரும் செயலாளரும் சேந்து கையெழுத்துப் போட்டுக் கொண்டாங்க. வைகாசி முடியதுக்குள்ள வரலைன்னா இந்த சீசன்ல அருவிக்கரையில ஒரு கேமராவும் நிக்கப்பிடாது."

அவர் சொன்னதில் தப்பில்லை. தப்பெல்லாம் எங்களிடம்தான். ஸ்டுடியோக்காரர்களுக்குக் கல்யாணம், காதுகுத்து என்று வருஷமெல்லாம் பிழைப்பு ஓடும். எங்களுக்கு ஆனி, ஆடி இரண்டு மாசம்தான். அதிலும் குற்றாலிங்கத்துக்கு வேறு போக்கே கிடையாது. ஒரு சீசன் நிற்காவிட்டால் அந்த இடத்தில் மறுவருஷம் வேறு எவனாவது ஸ்டாண்டை ஊன்றிவிடுவான். கையெழுத்துப் போட அவன் செயலாளராக வேண்டும், செயலாளராக அவன் மெம்பராக வேண்டும், மெம்பராக அவன் படத்தில் இருக்க வேண்டும். அவன் இல்லை.

வைகாசி பாதி போனபிறகு எங்கள் ஆள் ஒருவன், கடற்கரை என்று பேர், ஒரு காரியம் செய்தான். அருவிக்கரையில் அவனைப்போல முன்கோபி கிடையாது. அண்ணாச்சி ஸ்டுடியோ வாசலில் ஷோகேஸ் கண்ணாடி இருக்கிறதே, அதில் கல்லை விட்டெறிந்துவிட்டான். பட்டப்பகலில், சந்தைக்குப் போகிற கூட்டத்துக்கு நடுவில். நானும் குற்றாலிங்கமும் ஓடிப் போனபோது அண்ணாச்சி வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தார். உள்ளே இருந்த கல்யாணப் படங்களெல்லாம் தெருவில் கிடந்தன.

"நீ தூண்டிவிட்டுத்தாம்லே அவன் எறிஞ்சான்! போலீசுல எழுதிக் குடுக்கப் போறேன். உன் பேரைத்தான் முதல்ல எழுதுவேன்!"

குற்றாலிங்கம் குனிந்து ஒவ்வொரு படமாகப் பொறுக்கி, சட்டையில் துடைத்து, வாசல் திண்ணையில் அடுக்கினான். மறுத்து ஒரு வார்த்தை? ஊகூம். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அந்த நேரத்தில் பீர் மைதீன் பாய் வந்தார். ரதவீதியில் கண்ணாடியும் ஃபிரேமும் போடுகிற கடை அவருடையது. கடையாளோடு ஒரு பெரிய கண்ணாடியைச் சாக்கில் சுற்றிப் பிடித்துக்கொண்டு வந்தார். யாரையும் எதுவும் கேட்கவில்லை. உடைந்ததைப் பெயர்த்து எடுத்தார், புதியதைப் பொருத்தினார், ஆணி அடித்தார், தன் துண்டாலேயே துடைத்தும் விட்டார். அதற்குள் அண்ணாச்சிக்குக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது.

"அண்ணாச்சி, இப்பம் போய்க் கம்ப்ளெயின்ட் குடுங்க. எந்தக் கண்ணாடி உடஞ்சதுன்னு போலீசு வந்து கேட்டா எதைக் காட்டுவிய?"

கூடிநின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அண்ணாச்சிக்கு முகம் செத்துப்போயிற்று.

"பாய், நீரும் அவுங்க பக்கமா?"

"நான் எவன் பக்கமும் இல்ல. நீங்க எடுக்க படத்துக்கும் நான்தான் ஃபிரேம் போடுதேன், அருவிக்கரையில எடுக்க படத்துக்கும் நான்தான் போடுதேன். ஒரு பக்கம் சாஞ்சா என் கடையில பாதி படுத்துரும். அதனால சாயமாட்டேன். நாளைக்கு ரெண்டு பேரும் கடைக்கு வாங்க. தீர்ப்பெல்லாம் நான் சொல்லமாட்டேன். அதை நீங்கதான் சொல்லிக்கிடணும்."

மறுநாள் போனோம். பாய் இரண்டு பேரையும் ஒரே இடத்தில் உட்காரவைக்கவில்லை. அண்ணாச்சிக்குக் கடையின் முன்பக்கம் நாற்காலி. எங்களுக்குப் பின்கட்டில் ஃபிரேம் சட்டங்களுக்கு நடுவில் ஒரு பெஞ்சு. என்னைப் பார்த்ததும் பாய் விரலை நீட்டினார்.

"தாணு, நீரு இருக்கலாம். வாயைத் திறந்தீருன்னா வெளிய போயிரணும்."

என் வாழ்நாளில் நான் அனுபவித்த பெரிய தண்டனை அதுதான். பாய் முன்பக்கம் போவார், குசுகுசுவென்று பேச்சு கேட்கும், திரும்பி வருவார். எங்களிடம் அவர் கேட்டது ஒரே கேள்வி.

"குற்றாலிங்கம், பதவி, பாஸ் எல்லாத்தையும் தள்ளி வையும். ஒமக்கு என்ன வேணும்?"

அவன் வெகுநேரம் பெஞ்சின் ஆணியை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"நான் இல்லைன்னு சொன்னாருல்லா பாய்? அதை அவரே மாத்திச் சொல்லணும்."

அதைப் பாய் முன்பக்கம் கொண்டுபோனார். போன வேகத்தில் அண்ணாச்சியின் குரல் உயர்ந்தது. "சட்டத்தை எப்பிடி மாத்திச் சொல்லுவேன்?" என்று நாற்காலியைத் தள்ளிவிட்டுப் போய்விட்டார். முதல் நாள் அத்தோடு சரி.

இரண்டாவது தடவை அண்ணாச்சியைப் பாய் எப்படி வரவழைத்தாரோ, அது அல்லாவுக்குத்தான் வெளிச்சம். நாங்கள் போனபோது சங்கத்து அறையில் தொங்கிய படங்களையெல்லாம் பாய் இறக்கிக்கொண்டுவந்து சுவரோரமாகச் சாய்த்து வைத்திருந்தார். எல்லாம் அவர் ஃபிரேம் போட்டவைதான். இந்தத் தடவை இரண்டு பேரையும் எதிரெதிரே உட்காரவைத்தார்.

"அண்ணாச்சி, இதுல குற்றாலிங்கம் எங்க இருக்காரு?"

"அட, அதைத்தானே நானும் சொல்லுதேன்! இல்லைல்லா?"

"சரி. நீங்கல்லாம் எங்க பாத்துட்டு இருக்கிய?"

அண்ணாச்சி படத்தைப் பார்த்தார். அடுத்ததைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஒன்பது படத்திலும், மீசை கறுத்திருந்த காலத்திலும் நரைத்த காலத்திலும், அண்ணாச்சியும் நானும் கடற்கரையும் மொத்தச் சங்கமும் ஒரே ஆளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். பேசக்கூடாது என்று பாய் சொல்லாவிட்டாலும் அப்போது பேச்சு வந்திருக்காது.

அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தார். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. அவர் மறுபடியும் வாயைத் திறந்தார். ஆனால் இந்தத் தடவை சட்டம் பேசவில்லை.

"பாய், எனக்கு இவன்மேல என்ன வெரோதம்? வருசத்துக்கு வருசம் அருவிக்கரையில எவனெவனோ இரவல் கேமராவோட வந்து நிக்குதான். சீசன் முடிஞ்சா ஆளைக் காணோம். அவனுவ வந்து ஓட்டுப் போட்டு நாளைக்குச் சங்கத்தையே தூக்கிட்டுப் போயிருவானுவ. நான் கட்டுன சங்கம்யா இது."

குற்றாலிங்கம் நிமிர்ந்து பார்த்தான்.

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்லா அண்ணாச்சி? அவனுவ தொல்லை எங்களுக்குத்தான் ரொம்ப. ரெண்டு சீசன் நின்னவனுக்குத்தான் ஓட்டுன்னு வைங்க. நானே கைதூக்குதேன்."

அதன்பிறகு பேச்சு மளமளவென்று நகர்ந்தது. தலைவர் ஸ்டுடியோவிலிருந்து, செயலாளர் அருவிக்கரையிலிருந்து. ஒரே முத்திரை, அது பாய் கடையில் இருக்கும். எல்லாம் சரியாகி வந்த நேரத்தில் பாய் கடைசிக் கட்டத்துக்கு வந்தார்.

"சட்டம் இருக்கபடியே இருக்கட்டும். இந்த வருசப் படத்துல குற்றாலிங்கம் உக்காரட்டும், அதுலயே கையெழுத்துப் போடட்டும். படத்தை மெம்பர் இல்லாத ஆள் எடுக்கணும். நான் எடுக்கேன்."

"எந்தக் கேமராவுல?" என்றான் குற்றாலிங்கம்.

"உம்ம கேமராவுலதான்."

அவ்வளவுதான். எழுந்துவிட்டான். முகமே மாறிவிட்டது.

"என் கேமராவை எவனும் தொடப்பிடாது. சங்கம் வேண்டாம், பாசும் வேண்டாம்."

துண்டை உதறிக்கொண்டு போயே போய்விட்டான். வைகாசி முடிய மறுநாள் ஒருநாள்தான் பாக்கி. எனக்கு அவனை அங்கேயே வைத்து அறைய வேண்டும்போல் இருந்தது. பின்னாலேயே வைதுகொண்டு அவன் வீடுவரைக்கும் போனேன். அவன் கேமராவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டான். செண்பகவல்லி நான் சொன்னதையெல்லாம் கேட்டாள். குடையை எடுத்து அவன் முன்னால் தரையில் போட்டாள்.

"பத்து வருசமா ஊர்ல இருக்கவங்க எல்லாத்தையும் 'இங்கன பாருங்க'ன்னு சொன்னீரே, உம்மை எவனாவது பாத்தானா? நீரா போய் அந்தத் துணிக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டீரு. இனிமே நான் கொடை பிடிக்க மாட்டேன், ஆமா."

அவன் கேமராவை விட்டு எழுந்திருக்கவே இல்லை. ஆனால் மறுநாள் கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு பேரருவிக்கரைக்கு வந்துவிட்டான்.

சங்கம் முழுக்க அங்கே கூடியிருந்தது. நாற்காலி, பெஞ்சு எல்லாம் போட்டாயிற்று. நடுவில் அண்ணாச்சி, பக்கத்தில் குற்றாலிங்கத்துக்கு ஒரு நாற்காலி. அவன் ஸ்டாண்டை ஊன்றி, துணிக்குள் பார்த்து, எல்லாம் சரிசெய்து, பாய்க்கு ஒன்றுக்கு நான்கு தடவை சொல்லிக்கொடுத்தான். "மூடியைக் கழத்தணும், ஒண்ணு ரெண்டுன்னு எண்ணணும், மாட்டணும். வேற எதையும் தொடாதீங்க பாய், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்." படம் பதிகிற கண்ணாடி பிளேட்டு அவனிடம் மூன்றுதான் இருந்தது. ஆபீஸ் மூடுவதற்குள் கையெழுத்துக் காகிதத்தைக் கொண்டுபோக வேண்டும். மலைமேல் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. செங்கோட்டைப் பக்கமிருந்து காற்று வேறு வீச ஆரம்பித்துவிட்டது.

முதல் பிளேட்டில் பாய் ஸ்டாண்டின் காலில் இடறினார். இரண்டாவதில் மூடியைக் கழற்றிவிட்டு லென்ஸுக்கு முன்னாலேயே நின்றுகொண்டார். யாரும் சிரிக்கவில்லை. கண்ணாடியை ஒரு கீறல் இல்லாமல் அறுக்கிற பாய், மூடியை மாட்டிவிட்டு இரண்டு கையையும் தூக்கிவிட்டார்.

"ஏ மக்கா, எனக்கு வரல. கடைசி பிளேட்டையும் நான் கெடுத்துருவேன். என்னை விட்ருங்க."

முதல் சாரல் விழுந்தது. லென்ஸில் துளி படிவது எங்கள் எல்லோருக்குமே தெரிந்தது. அதைத் துடைத்து, மறைப்புப் பிடித்து, காற்று அடங்குகிற நேரம் பார்த்து எடுக்கத் தெரிந்தவன்தான் எடுக்க முடியும். அந்த வரிசையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். ஆனால் எழுந்து போகிறவன் அந்த வருஷம் படத்தில் இருக்கமாட்டான். ஒருவரும் அசையவில்லை.

குற்றாலிங்கம் எழுந்தான். "விடுங்க, நானே எடுக்குதேன்" என்று வேஷ்டியை மடித்துக் கட்டினான். செண்பகவல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நீ உக்காருலே."

சொன்னது அண்ணாச்சி. எழுந்து ஜிப்பாக் கையை மடித்துக்கொண்டிருந்தார். குற்றாலிங்கத்தின் தோளைப் பிடித்து நாற்காலியில் அழுத்தினார். கேமரா வரைக்கும் போனவர் அங்கேயே நின்று திரும்பிப் பார்த்தார்.

"குற்றாலிங்கம், தொடலாமா?"

அவன் முகத்தை அப்போது நான் பார்த்தேன். கேமராவைப் பார்த்தான், செண்பகவல்லியைப் பார்த்தான்.

"தொடுங்க அண்ணாச்சி."

செண்பகவல்லி ஓடிப்போய்க் குடையை விரித்தாள். அண்ணாச்சி லென்ஸைத் துடைத்தார், துணிக்குள் போனார், வந்தார், பிளேட்டைச் செருகினார். காற்று அடங்கக் காத்திருந்தார். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு விறைத்தோம்.

"எல்லாரும் இங்கன பாருங்க. கண்ணைச் சிமிட்டப்பிடாது."

எடுத்தாயிற்று. அந்த இடத்திலேயே, சாரல் படாமல் குடைக்கடியில் வைத்து, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். போடும்போது அண்ணாச்சி சத்தமாகவே சொன்னார், "செயலாளர் நீதாம்லே, போடு." நான் காகிதத்தை வாங்கிக்கொண்டு ஓடினேன். ஆபீஸ் கதவைச் சாத்தப் போகிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். ஆனி பிறந்தபோது குற்றாலிங்கம் அவனுடைய இடத்தில் நின்றான்.

படத்தைக் கழுவிப் பார்த்தபோது நடுவில் அண்ணாச்சியின் நாற்காலி காலியாக இருந்தது. பக்கத்தில் குற்றாலிங்கம். ஊருக்கெல்லாம் சிமிட்டாதே சிமிட்டாதே என்று சொன்ன பாவி, கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தான். பிளேட்டில் பென்சிலால் வரைந்து கண்ணைத் திறந்துவிடுகிறேன் என்று அண்ணாச்சி சொன்னார். அந்த வேலையில் அவர் கெட்டிக்காரர். குற்றாலிங்கம் வேண்டாம் என்றுவிட்டான்.

மறுவருஷக் கூட்டத்தில் கடற்கரை எழுந்தான். சும்மா இருப்பானா அவன்?

"தலைவரு போன வருசப் படத்துல இல்ல. படத்துல இல்லாதவரு மெம்பர் இல்ல. சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்! செயலாளர் பதில் சொல்லட்டும்!"

பழைய புண்ணைக் கீறிவிட்டான் சண்டாளன். ஸ்டுடியோக்காரர்கள் எழுந்துவிட்டார்கள். அண்ணாச்சி முகம் வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தார். சட்டப்படி கடற்கரை சொன்னது சரிதான். குற்றாலிங்கம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவரை அன்றைக்கே வெளியே அனுப்பியிருக்கலாம். அவன் மெதுவாக எழுந்தான். சுவரில் இருந்த புதுப் படத்தை நோக்கிக் கையைக் காட்டினான்.

"அதுல நாமெல்லாம் யாரைப் பாத்துட்டு இருக்கோம்?"

எல்லோரும் படத்தைப் பார்த்தார்கள். கடற்கரை மட்டும் படத்துக்குக் கிட்டே போய், உற்றுப் பார்த்து, திரும்பினான்.

"நாங்க பாத்தோம். நீரு எங்கவே பாத்தீரு? கண்ணை மூடிட்டுல்லா இருக்கீரு!"

முதலில் சிரித்தது அண்ணாச்சிதான். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தார். குற்றாலிங்கம் வழக்கம்போல வாயைத் திறக்காமல், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அவருக்குப் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தான்.